கருங்கல் பேரரசில் வேலைநிறுத்தம்

கருங்கல் பேரரசு எதனால் உடைந்தது என்று மொரகாவத்தை தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் தயங்காமல் காரணம் சொல்வார்கள். தோட்டத்தின் மேல் பிரிவான மேல்கணக்கில் கேட்டால், கீழ்ப் பிரிவான கீழ்கணக்கு ஆட்களின் சோம்பேறித்தனம் என்பார்கள். கீழ்கணக்கில் கேட்டால் ரொபர்ட் கங்காணியின் திமிர் என்பார்கள். பவுல் மாமாவிடம் கேட்டால், தன்னை ஒருவரும் கலந்து பேசாததுதான் காரணம் என்று ஆரம்பித்து, தான் தொழிற்சங்கக் கமிட்டியில் இருந்த காலத்துக்குப் போய், அங்கிருந்து திரும்பி வரமாட்டார். ஸ்டெபானி மட்டும் ஒன்றும் சொல்லமாட்டாள். காரணம் சொல்கிற அத்தனை வாய்களையும் அவளுக்குச் சிறு வயதிலிருந்தே தெரியும்.

பேரரசு இருந்தது கைப்பேசிக்குள். 'ஏழு முடி' என்றொரு விளையாட்டு. அதற்குள் ஓர் உலகம். அதன் நடுவே கரிய ஆறொன்று ஓடும், வானத்தில் சிறகு முளைத்த ஓநாய்கள் திரியும். விளையாடுகிறவருக்கு ஆளுக்கொரு கோட்டை. கோட்டைகள் கூடினால் பேரரசு. பேரரசுக்கு ஓர் அரியணை, அதன் பக்கத்தில் மந்திரிக்கு ஒரு நாற்காலி. அந்த உலகத்தின் தெற்கு முனையில் கடல்வாசல் என்று பெரிய கதவொன்று உண்டு. பருவத்துக்கு ஒருமுறை அதை உடைக்கலாம். உடைத்தவர்களின் பெயர் அந்தக் கதவில் செதுக்கப்படும். அடுத்த பருவம் வரை எந்த நாட்டுக்காரன் அந்த வழியாகப் போனாலும் அந்தப் பெயரை வாசிக்காமல் போக முடியாது.

ஸ்டெபானிக்கு வேண்டியிருந்தது அந்தக் கதவு.

அவள் தோட்டத்துக்குப் பக்கத்து ஊரான ஓப்பநாயக்க பஜாரில் முக்தார் முதலாளியின் போட்டோக்கொப்பிக் கடையில் வேலை செய்தாள். அங்கே சிங்களத்தில் விண்ணப்பம் நிரப்பத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். முதலாளியின் சிங்களமே அவளிடம் திருத்தம் வாங்கும். ஆனாலும் கடைக்கு வருகிறவர்கள் காகிதத்தை நீட்டி, "அர வத்தே கெல்லட தென்ன" என்பார்கள். அந்தத் தோட்டத்துப் பெட்டையிடம் கொடுங்கள் என்று அர்த்தம். பகைத்துச் சொல்வதில்லை. 'அந்த மேசை', 'அந்தக் கதிரை' என்பதுபோலச் சொல்வார்கள். அவளுக்கு ஒரு பெயர் இருக்கலாம் என்று இத்தனை வருடத்தில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. 'ஏழு முடி'யில் அவளுடைய கோட்டைக்குச் 'செம்பருந்து' என்று பேர். எம்பிலிப்பிட்டியவில் தினேத் என்றொரு சிங்களப் பையன், வலவே பேரரசின் அரசன், செம்பருந்திடம் கேட்காமல் ஒரு படையை நகர்த்தமாட்டான். அவன் அவளைப் பார்த்ததில்லை. அவள் குரலைக்கூடக் கேட்டதில்லை. அதுதான் அந்த உலகத்தின் அழகு என்று அவள் நினைத்திருந்தாள்.

கருங்கல் பேரரசைக் கட்டியவள் அவள். பேரும் அவள் வைத்ததுதான். ரப்பர் மலைக்கு மேலே பெரிய கரும்பாறை ஒன்று இருந்தது. தோட்டத்திலேயே அங்கேதான் சிக்னல் ஒழுங்காக விழும். மேல்கணக்கும் கீழ்கணக்கும் அங்கே ஏறித்தான் விளையாடினார்கள். இரண்டு கணக்கையும் ஒரே கொடியின் கீழ் சேர்க்க அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. அரியணையில் அவளே உட்கார்ந்திருக்கலாம். ஆனால் ஆரம்பத்தில் அவள் ஏதாவது உத்தரவு போட்டால், "யாரு சொன்னா?" என்று கேட்பார்கள், "ஸ்டெபி" என்று பதில் வந்தால், ஏதோ மழை வரும்போலிருக்கிறது என்று கேள்விப்பட்டதுபோல ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். ஆகவே ரொபர்ட்டைத் தூக்கி உட்கார வைத்தாள்.

ரொபர்ட் அவளுடைய பெரியப்பா மகன். மேல்கணக்கில் புதுக் கங்காணி. எந்தச் செய்தியையும் கடைசிவரை வாசிக்காதவன். எதைக் கேட்டாலும் 'சரி' என்று அனுப்பிவிடுகிறவன். அரசனாக இதைவிட என்ன தகுதி வேண்டும் என்று அவள் கணக்குப் போட்டாள். மந்திரி நாற்காலியில் அவள் உட்கார்ந்துகொண்டாள். கரிய ஆற்றுப் பாலத்தின் சாவி மந்திரியிடம்தான் இருக்கும். கடல்வாசலுக்குப் போக அந்தப் பாலத்தைவிட்டால் வேறு வழியில்லை. பாலம் கருங்கல் எல்லைக்குள் இருந்தது. தினேத்தோடு பேசி முடித்துவிட்டாள்: கருங்கல் படை பாலத்தைக் காக்கும், வலவே படை கடந்துபோய்க் கதவை உடைக்கும், கதவில் கருங்கல் பெயர் மேலே, வலவே பெயர் கீழே. நாளும் குறித்தாயிற்று. வருகிற ஞாயிறு, பூசை முடிந்து பிற்பகல்.

அந்த வாரம் பார்த்து ரொபர்ட்டுக்கு ஆட்சி செய்ய ஆசை வந்தது.

தோட்டத்தில் காலையில் பிரட்டுக் களத்தில் ஆட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிடுவது வழக்கம். பிந்தி வந்தவருக்கு அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம். ரொபர்ட்டுக்குத் தெரிந்த அரசாங்கம் அது ஒன்றுதான். ஆகையால் பாறையிலும் பிரட்டு வைத்தான். மத்தியானம், பறித்த தேயிலைக் கொழுந்தைத் தராசில் நிறுத்த கையோடு எல்லோரும் பாறைக்கு வந்து அரசனுக்கு முகம் காட்ட வேண்டும். பிந்தினால் அரண்மனைக் களஞ்சியத்திலிருந்து கிடைக்கும் தானியத்தில் பாதி வெட்டு. அந்த நேரம் கொழுந்து பறிக்கிற மேல்கணக்குக்குச் சரியாக இருந்தது. கீழ்கணக்கு ஆட்கள் ரப்பர் பால் வெட்டுகிறவர்கள். கொழுந்து நிறுக்கிற நேரம் அவர்கள் பால் வாளியோடு ஸ்டோர் வாசலில் வரிசையில் நிற்பார்கள். ஊற்றி, வாளி கழுவி, மலை ஏறி வந்துசேரும்போது பிரட்டு முடிந்திருந்தது. முதல் நாளே கீழ்கணக்கு முழுவதற்கும் அரைப் பேர் விழுந்தது.

ஸ்டீபன் கீழ்கணக்கின் கமிட்டித் தலைவர். நல்ல பால் வெட்டுக்காரர். ஆனால் வெட்டுவதைவிடக் கூட்டம் போடுவதில்தான் கை சுத்தம். பாறையேறி வந்து ரொபர்ட்டுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"என்னா கங்காணி, வெளாட்டுலயும் அரைப் பேரா?"

"லேட்டா வந்தா அரைப் பேருதாண்ணே. சட்டம்."

"எந்தச் சட்டம்?"

"தோட்டத்துச் சட்டம்."

"இது தோட்டமா?"

"எனக்கு எல்லாம் ஒண்ணுதான்."

"அது தெரியுது. ஓநாயப் பாத்தாலும் நீ மேய்ச்சலுக்குப் பத்திவிடுற ஆளு."

கீழ்கணக்கு சிரித்தது. ரொபர்ட் சிரிக்கவில்லை. சிரிக்கிற வேலையை அவன் கங்காணியான அன்றே விட்டுவிட்டான்.

ஸ்டெபானி இதைச் சுலபமாக முடித்துவிடலாம் என்று நினைத்தாள். வெட்டுப்பட்ட தானியத்தைத் தன் கோட்டையிலிருந்தே எடுத்துக் கீழ்கணக்குக் கோட்டைகளுக்கு அனுப்பினாள். அனுப்பிய வேகத்திலேயே எல்லாம் திரும்பி வந்தது. மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் ஸ்டீபனை மறித்துக் கேட்டாள்.

"ஏன்ணே திருப்பி அனுப்புனீங்க?"

"தானியம் வேணாம் தங்கச்சி. எங்களுக்கு முழுப் பேரு போடணும்."

"எதுல போடுறது? அந்த வெளாட்டுல செக்ரோலே கெடையாதே."

"அது நிர்வாகம் பாத்துக்க வேண்டிய வேல."

"நிர்வாகம்னா யாரு?"

"நீங்கதான். மேல ஒக்காந்திருக்கீங்கல்ல."

அவள் அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். இல்லாத பதிவேட்டில் இல்லாத பேரைப் போடச் சொல்லி உரிமைக்குரல் எழுப்புகிற மனிதனிடம் என்ன பேசுவது? பஸ் வந்தது. ஏறிவிட்டாள்.

ரொபர்ட்டிடமும் பேசிப் பார்த்தாள். "ஞாயித்துக்கெழம வரைக்கும் இந்தப் பிரட்ட நிப்பாட்டுங்கண்ணே. அதுக்கப்பறம் ஒங்க இஷ்டம்."

"நிப்பாட்டுனா பயந்துட்டான்னு சொல்லுவாங்க."

"சொன்னா என்னா? அவங்க ஒங்களுக்குப் பயப்படுறதா இப்ப யாரு சொன்னது?"

அவன் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு, "சரி" என்றான். கடைசிவரை கேட்கவில்லை என்பது தெரிந்தது. மறுநாளும் பிரட்டு நடந்தது.

இந்தக் கட்டத்தில்தான் பவுல் மாமா எழுந்தருளினார். வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர். கொழும்பில் இருக்கும் மகன் அனுப்பிய கைப்பேசியில் கண்ணை இடுக்கி இடுக்கி விளையாடுவார். எங்கே இரண்டு கட்சி சண்டை போட்டாலும் மூன்றாவதாக ஒன்று இல்லாவிட்டால் அது நியாயமான சண்டையாகாது என்பது அவர் கொள்கை. தன் கோட்டையின் பெயரைப் 'பொதுச் செயலாளர்' என்று மாற்றிவிட்டு, இரு தரப்புக்கும் நடுவே சமரசம் பேசப்போவதாக அறிவித்தார். அப்படியொரு பதவி அந்த உலகத்தில் இல்லை. அதுபற்றி அவருக்குக் கவலையும் இல்லை.

"எம்பிலிப்பிட்டியப் பையனுக்கும் வொய்ஸ் போட்டுட்டேன் புள்ள" என்றார் ஸ்டெபானியிடம். "இங்க யாரு யாரு என்னென்ன பொறுப்புன்னு எல்லா வெவரமும் சிங்களத்துலயே சொல்லியாச்சு. ஒன்னப் பத்தியும் நல்லாச் சொல்லிருக்கேன்."

என்ன சொன்னீர்கள் என்று அவள் கேட்கவில்லை. பவுல் மாமாவின் குரல்செய்தியை முடிவுவரை கேட்கக்கூடிய மனிதன் உலகத்தில் எங்கும் இல்லை என்பது அவள் கணிப்பு.

ஞாயிறு வந்தது. பூசை முடிந்து, நல்ல சட்டையோடு அப்படியே பாறைக்கு ஏறினார்கள். மேல்கணக்கு பாறையின் கிழக்குப் பக்கம், கீழ்கணக்கு மேற்குப் பக்கம். நடுவில் பவுல் மாமா, குடையை விரித்துக்கொண்டு. தினேத்திடமிருந்து செய்தி வந்தது. "நங்கி, அபி லேஸ்தி." தங்கச்சி, நாங்கள் தயார். வலவே படை பாலத்தின் அக்கரையில் வந்து நின்றது. அந்த நேரமே வடக்கிலிருந்து, அதே கதவுக்குக் குறிவைத்த ஓநாய்ப் பேரரசு என்ற இன்னொரு கூட்டமும் பாலத்தை நோக்கி இறங்கத் தொடங்கியது. அந்தப் பேரரசில் எந்தெந்த நாட்டுக்காரர் இருந்தார்களோ தெரியாது. தங்களுக்குள் பிரட்டு வைக்காதவர்கள் என்பது அவர்களுடைய நடையிலேயே தெரிந்தது.

"எல்லாரும் மேற்குக் கரைக்குப் படைய அனுப்புங்க" என்றாள் ஸ்டெபானி.

மேல்கணக்கு அனுப்பியது. கீழ்கணக்கு கைப்பேசிகளைக் குப்புறக் கவிழ்த்துப் பாறையில் வைத்தது. ஸ்டீபன் எழுந்து நின்று தொண்டையைச் செருமினார்.

"இன்னையிலருந்து கீழ்கணக்கு வேலைநிறுத்தம். வெட்டுன பேரத் திருப்பிப் போடுற வரைக்கும் ஒரு குதிர நகராது."

ஸ்டெபானிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் இரண்டு பக்கத்துக்கும் நடுவே போய் நின்றாள். "ஸ்டீபன் அண்ணே, ஒரு மணி நேரந்தான். கதவு ஒடஞ்சதும் ஒக்காந்து பேசுவோம்."

"வேல முடிஞ்சப்பறம் எவன் தங்கச்சி பேச்சுக்கு வருவான்? இத்தன வருசத்துல நாங்க பாக்காததா?"

அவர் சொன்னதில் அனுபவம் இருந்தது. தோட்டத்தில் அது சரியான அனுபவம். மூளையை வீட்டில் வைத்துவிட்டு அனுபவத்தை மட்டும் தூக்கிக்கொண்டு மலை ஏறினால் என்னவாகும் என்பதை அவள் அன்று கண்ணால் பார்த்தாள்.

ரொபர்ட் எழுந்தான். "வேலைக்கு வராதவனுக்குப் பேரு எதுக்கு?"

"ரொபர்ட் அண்ணே, எதையும் அமுக்காதீங்க" என்றாள் ஸ்டெபானி. "கோட்டைகள வெளிய போட்டா—"

அவன் கடைசிவரை கேட்கவில்லை. அரசனுக்கு மட்டும் இருக்கும் பொத்தானை அமுக்கிக் கீழ்கணக்குக் கோட்டைகள் முழுவதையும் பேரரசிலிருந்து நீக்கினான். பேர் வெட்டியாயிற்று.

மூன்றில் ஒரு பங்குக் கோட்டைகள் அரியணையைவிட்டு விலகினால் 'ஏழு முடி' அதை உள்நாட்டுப் போர் என்று அறிவிக்கும். விதிகளில் எழுதியிருந்தது, வாசித்தவள் அவள் ஒருத்தி. பாறையில் இருந்த அத்தனை கைப்பேசியும் ஒரே நேரத்தில் எக்காளம் ஊதியது. கவிழ்த்து வைத்தவையும் ஊதின. திரையில் கருங்கல் கொடி நடுவே கிழிந்து, பேரரசின் பெயர் அழிந்தது. இனி ஒவ்வொரு கோட்டையும் தனிக் கோட்டை, கேட்பாரற்ற கோட்டை. அந்த வழியாக எந்தப் படை போனாலும் அதை எரித்துவிட்டுத்தான் போகும்.

ஓநாய்கள் முதலில் கீழ்கணக்குக்குள் இறங்கின.

"அண்ணே, ஒங்க கோட்ட எரியுது" என்றாள்.

ஸ்டீபன் கையைக் கட்டிக்கொண்டார். "எரியட்டும். போராட்டம்னா இழப்பு இருக்கும்."

"யாருகிட்ட போராட்டம்? வந்திருக்கிறவனுக்கு அரைப் பேருன்னா என்னான்னு தெரியுமா?"

"தெரியலைன்னா பேச்சுவார்த்தைக்கு வரட்டும். சொல்லித் தர்றோம்."

கிழக்குப் பக்கத்தில் மேல்கணக்கு கைதட்டியது. கீழ்கணக்கு எரிகிறதாம். கொஞ்ச நேரத்தில் ஓநாய்கள் மேல்கணக்குப் பக்கம் திரும்பின. இப்போது கீழ்கணக்கு கைதட்டியது. தன் கோட்டை எரிவதைவிட அடுத்தவன் கோட்டை எரிவதைத்தான் ஒவ்வொருவரும் உற்றுப் பார்த்தார்கள். பவுல் மாமா மட்டும், "ரெண்டு தரப்பும் அமைதியா இருக்கணும்" என்று சொல்லிக்கொண்டே தன் கோட்டை எங்கே என்று திரையில் தேடினார். அது போய் வெகு நேரம்.

"நங்கி, பாலம?" என்று வந்தது தினேத்தின் செய்தி. பாலத்தைக் கேட்கிறான்.

பாலத்தின் சாவி இன்னும் அவளிடம் இருந்தது. திறந்தால் வலவே படை உள்ளே வரும். வந்தால் வழியில் கிடக்கும் மிச்சக் கோட்டைகளை அதுவும் மிதித்துவிட்டுத்தான் போகும். திறக்காவிட்டால் ஓநாய்கள் பாலத்தைப் பிடித்துவிடும், கதவும் அவர்களுக்குப் போகும். ஸ்டெபானி தலையை நிமிர்த்தி இரண்டு பக்கத்தையும் ஒருமுறை பார்த்தாள். இஸ்திரி போட்ட சட்டைகள். கட்டிய கைகள். வெற்றி பெற்றவர்களின் முகங்கள், இரண்டு பக்கமும். இவர்களுடைய பெயரையா கதவில் செதுக்கப் பார்த்தோம் என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது.

சிங்களத்தில் எழுதினாள். எங்கள் பேரரசுக்கு இனிப் பெயர் இல்லை. பாலத்தைத் திறக்கிறேன். கதவில் உங்கள் பெயரை மேலே போடுங்கள், கீழே என் பெயரைப் போடுங்கள்.

"ஹரி நங்கி" என்றான் அவன். சரி தங்கச்சி.

திறந்தாள். வலவே படை பாலத்தைக் கடந்து மேல்கணக்கு, கீழ்கணக்கு என்ற பேதம் பார்க்காமல் எல்லாவற்றையும் மிதித்துக்கொண்டு போனது. செம்பருந்தும் அதில் அடங்கியது. அவள் அதைக் காப்பாற்ற முயலவில்லை. பாறையில் கைதட்டல் நின்றது. ஓநாய்கள் பின்வாங்கின. வெயில் சாயும் முன்பே கடல்வாசல் விழுந்தது.

கதவின் மேல் எழுத்து ஒவ்வொன்றாகச் செதுக்கப்பட்டது. முதலில் வலவே. பிறகு கீழ் வரி, சிங்களத்தில். அவள் 'செம்பருந்து' என்பதன் முதல் எழுத்தை எதிர்பார்த்துப் பார்த்திருந்தாள். வந்தது வேறு எழுத்து. ஸ்டீபன் எட்டிப் பார்த்து எல்லோருக்கும் கேட்கும்படி உரக்க வாசித்தார்.

"ஓப்பநாயக்க வத்தே நங்கி."

ஓப்பநாயக்கத் தோட்டத்துத் தங்கச்சி.

தினேத் உடனே எழுதினான். பவுல் மாமா அனுப்பிய குரல்செய்தியை முழுவதும் கேட்டதாகவும், தோட்டத்தில் பிறந்த ஒரு பெண் இவ்வளவு செய்ததை உலகம் அறியவேண்டும் என்று தோன்றியதாகவும், கோட்டைப் பெயரை எவன் நினைவில் வைத்திருப்பான் என்றும். அந்தப் பையன் மனதார எழுதியிருந்தான். அதில் திட்டுவதற்கு ஒரு சொல் கிடைக்குமா என்று இரண்டுமுறை தேடினாள். கிடைக்கவில்லை. நன்றிக்கு "ஸ்தூதி" என்று ஒரு வார்த்தை அனுப்பிவிட்டுக் கைப்பேசியை அணைத்தாள்.

அதற்குள் பாறையில் ஒற்றுமை திரும்பியிருந்தது.

"தோட்டம்னு போட்டுட்டான்டா" என்றான் ரொபர்ட். "என் ஆட்சியில நடந்தது."

"போராடுனதாலதான் நடந்துச்சு" என்றார் ஸ்டீபன். "இல்லாட்டி பாலத்தத் தெறந்திருப்பாங்களா?"

"அந்தப் பையன்கிட்ட எடுத்துச் சொன்னவன் நானு" என்றார் பவுல் மாமா குடையை மடக்கிக்கொண்டு.

ஸ்டெபானி எழுந்து பாவாடையில் ஒட்டிய பாசியைத் தட்டிவிட்டு இறங்கினாள். எங்கே போகிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. வெற்றியைப் பங்கு போடுவதில் மும்முரமாக இருந்தார்கள்.

அந்த வாரத்திலேயே பவுல் மாமா கடைக்கு வந்தார். கடையில் நின்ற சிங்களப் பெரியவர் ஒருவர் தன் காகிதத்தை முக்தார் முதலாளியிடம் நீட்ட, முதலாளி பாராமலே அவள் பக்கம் கையைக் காட்டினார். "ஆ, வத்தே கெல்லட" என்று பெரியவர் அதை அவளிடம் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டு வேலையை முடித்து அனுப்பினாள். பிறகு பவுல் மாமாவின் முறை. அவர் கையில் முத்து முத்தான எழுத்தில் ஓர் அறிவித்தல்: கருங்கல் பேரரசின் உள்நாட்டுப் போருக்கான காரணங்களை ஆராயும் பொதுக்கூட்டம். தலைமை ரொபர்ட். விளக்கவுரை ஸ்டீபன். நன்றியுரை பொதுச் செயலாளர். கடைசியில், மாதர் தலைவி, ஸ்டெபானி.

"ஒன் பேரையும் போட்டிருக்கேன் புள்ள" என்றார். "யாரும் சொல்லல. நானாத்தான் போட்டேன்."

"பாத்தேன் மாமா. எங்க ஒட்டப்போறீங்க?"

"ரெண்டு கணக்குப் பிரட்டுக் களத்துலயும். இந்தத் தடவ ரெண்டு பக்கமும் கட்டாயம் வரணும். அப்பத்தான் ஒரு முடிவு காணலாம்."

அவள் காகிதத்தை இயந்திரத்தில் வைத்தாள். பச்சை வெளிச்சம் எழுத்துகளின் மேல் ஊர்ந்து போனது. நேரம் என்ற இடத்தில் வெளிச்சம் வந்தபோது வாசித்தாள்: மத்தியானம், கொழுந்து நிறுத்த கையோடு.

கீழ்கணக்கு முழுவதும் பால் வாளியோடு வரிசையில் நிற்கிற நேரம்.

"நேரம் யாரு குறிச்சது மாமா?"

"ரொபர்ட். எல்லாருக்கும் வசதியான நேரமாம்."

ஸ்டெபானி பிரதிகளை எடுத்து மேசையில் தட்டி ஓரம் சேர்த்து அவர் கையில் கொடுத்தாள்.

"நல்ல நேரந்தான் மாமா" என்றாள்.